பூட்டுச் சட்டி, ஏணிச் சட்டி

உங்கள் அறிக்கையைப் படித்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று ஐயா. நான் கொஞ்சம் மெதுவாகத்தான் படிப்பேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல், யாரையும் வையாமல், நடந்ததை நடந்தபடி. பதினோராம் பக்கத்தில் ஒரு சொல் மட்டும் சரியில்லை. ‘நாற்றங்கால் பராமரிப்பாளரின் கவனக்குறைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பராமரிப்பாளர் நான்தான். பத்தொன்பது வருடமாக இந்தச் சட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் பிடிவாதக்காரன் என்றிருக்கிறார்கள், வாய் பேசாத ஆள் என்றிருக்கிறார்கள், கவனக்குறைவு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அந்த இடத்தில் வேறு என்ன போடுவது என்பதை முழுவதும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிக்கையில் அதற்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அது போதாது.

நாங்கள் வளர்ப்பது வேர்ப்பூஞ்சை. காளான் மாதிரி வெளியே தலைகாட்டாது. கண்ணுக்குத் தெரியாத இழைகளாகச் செடியின் வேருக்குள்ளும் புகுந்திருக்கும், மண்ணுக்குள்ளும் நீண்டு போகும். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் சத்தும் எடுத்து அது செடிக்குக் கொடுக்கும். இவ்வளவு ஒழுங்காக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற ஜோடியை நான் மனிதர்களில் கண்டதில்லை. இதைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்க முடியாது. உயிருள்ள வேர் இருந்தால்தான் அதற்கு உயிர். அதனால் மணல் நிரப்பிய சட்டியில் புல் வளர்த்து, அந்தப் புல்லின் வேரில் இதை வளர்த்து, நாலு மாதத்துக்கு ஒருமுறை அடுத்த சட்டிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. என் கையில் ஒரு சட்டிகூடச் செத்ததில்லை. வேலையிடத்தில் என்னைச் ‘சட்டிக்காரர்’ என்று கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராக நின்றுவிட்டது.

எங்களிடம் இரண்டு வகை உண்டு. ஈயம் கலந்த மண்ணில் இரண்டுமே செடியைப் பிழைக்க வைக்கும். ஆனால் ஒன்று, ஈயத்தைத் தன் இழையிலும் வேரிலும் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே விடாது. அதற்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தோம். இன்னொன்று அதே ஈயத்தை வேரிலிருந்து தண்டுக்கு, தண்டிலிருந்து இலைக்கு ஏற்றிவிடும். அது ‘ஏணி’. வாயில் நுழையாத சொந்தப் பெயர்கள் காகிதத்தில் இருக்கின்றன, யாரும் அவற்றைச் சொல்வதில்லை. ஏணியை வேலி போட்ட இடத்தில் சூரியகாந்திக்கு வைப்போம். செடி வளர்ந்ததும் கையுறை போட்டு அறுத்து, மூடிய பீப்பாயில் ஏற்றி அனுப்பிவிடுவோம். வருடத்துக்கு வருடம் மண் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். பூட்டை வீட்டுத் தோட்டங்களுக்குக் கொடுப்போம். கிழங்கு மட்டும் வைக்கக் கூடாது, இலையும் காயும் தாராளமாகச் சாப்பிடலாம்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சாம்பல் நிற மணல், நடுவே மயிர் போல வேர்த்துண்டுகள், அவ்வளவுதான். ஆகையால் சட்டியின் கழுத்தில் நூல் கட்டி வைப்போம். பூட்டுக்கு வெள்ளை, ஏணிக்குச் சிவப்பு. சிவப்பு நூல் வெயிலில் வெளுத்து வெள்ளையாகத் தெரிந்திருக்கும், அப்படித்தான் சட்டி மாறிப்போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஊகம். நூல் வெளுக்கும் என்பதும் நிஜம். அதனால்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வெளுப்பதற்கு முன்பே, புது நூல் கட்டிவிடுவேன். நூற்கண்டு என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வேலி போட்டிருக்கும் அந்த இடம் முன்பு பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற ஆலை. அங்கே உலையடியில் பன்னிரண்டு வருடம் நின்றவன் நான். இது உங்கள் அறிக்கையில் இல்லை. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போதைய மேலாளர்தான் உங்கள் அறிக்கையில் வருகிற ‘குழந்தையின் தாத்தா’. எங்களுக்குள் அவருக்குப் ‘பாத்துக்கலாம்’ என்று பெயர். புகையை இழுக்கிற விசிறி நின்றுவிட்டது என்று போய்ச் சொன்னால், தலையை நிமிர்த்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரிப்பா, பாத்துக்கலாம்” என்பார். அந்த விசிறி மூன்று வருடம் சுற்றவில்லை. தங்கமான மனிதர் என்று இப்போதும் சிலர் சொல்வார்கள். யார் மேலும் அவர் குரல் உயர்த்தியதில்லை, அது உண்மைதான்.

ஆலையை மூடிய பிறகும் அவர் அதன் ஓரத்திலிருந்த வீட்டை விட்டுப் போகவில்லை. பெரிய வீடு, பின்னால் நல்ல விசாலமான இடம். அந்த இடம் முன்பு பள்ளமாக இருந்தது. உலையில் மிஞ்சிய கசடைக் கொண்டுவந்து கொட்டி அவர்தான் அதை மேடாக்கியவர். மேலே ஒரு முழம் செம்மண் போட்டுப் பரப்பிவிட்டார். மனைவி இறந்து, ஓய்வும் பெற்று, தனியாக உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் தோட்டம் போடும் ஆசை வந்தது. எங்கள் திட்டத்துக்கு மனுப் போட்டார். பட்டியலில் அவர் வீடு இருபத்தேழாவது.

நான்தான் போனேன். கதவைத் திறந்தவர், “வாங்க, வாங்க. அந்தப் பூஞ்சைக்காரர் நீங்கதானா? இத வச்சா நெஜமாவே கீரை சாப்பிடலாமா?” என்று கேட்டார்.

“சாப்பிடலாங்க. கிழங்கு மட்டும் வேண்டாம்.”

“சரி, சரி. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு ஆரம்பிங்க.”

ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் ‘வா, போ’ என்று பேசியவர் இப்போது ‘வாங்க’ என்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. உலையடியில் நாங்கள் எல்லோருமே முகத்தில் துணி கட்டியிருப்போம், அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் நினைவுபடுத்தவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.

இங்கே உங்கள் அறிக்கையில் இரண்டாவது திருத்தம். பதினாலாம் பக்கத்தில் ‘தொடக்கம் முதலே தவறான பூஞ்சை இடப்பட்டிருக்கலாம்’ என்று இருக்கிறது. இல்லை. முதல் இரண்டு வருடம், நாலு நடவு, அந்தத் தோட்டத்துக்கு நான் வைத்தது பூட்டு. கலப்படமில்லாத பூட்டு. அந்த வருடங்களின் இலைப் பரிசோதனைத் தாள்களை எடுத்துப் பாருங்கள், எல்லாம் சரியாகவே இருக்கும். அவர் தனியாக இருந்தவரை அவர் தட்டில் எள்ளளவு ஈயம்கூட விழ நான் விட்டதில்லை.

அவர் மேல் எனக்கு வஞ்சம் இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறைய இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அறுபத்தெட்டு வயது மனிதரின் உடம்பில் ஈயம் ஏறினால் என்ன ஆகப்போகிறது? மூட்டு வலிக்கும், மறதி வரும், மலச்சிக்கல் வரும். அதெல்லாம் அந்த வயதில் கேட்காமலே வருகிறவை. தனக்கு என்னமோ நடக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதற்காக நல்ல சட்டி ஒன்றை வீணாக்க எனக்கு மனமில்லை.

மூன்றாம் வருடம், முதல் நடவுக்கு முந்தின வாரம் போனபோது, கூடத்தில் சின்னதாக ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. அதில் ஒரு செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. மகளும் மருமகனும் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறார்களாம், இரண்டு வருடத்துக்குப் பேத்தி அவரோடுதான் இருக்கப்போகிறாளாம். என்ன வயசு என்று கேட்டேன். ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது என்றார். பள்ளியில் சேர்த்தாயிற்று, எழுத்தெல்லாம் நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லி, அவள் எழுதிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

அன்று நாற்றங்காலுக்குத் திரும்பியதும் சிவப்பு நூல் கட்டிய சட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். பட்டப்பகல், பதினொன்றரை மணி, வெளிச்சம் நன்றாக இருந்தது. கை நடுங்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. ‘கைதவறி’ என்று மறுபடியும் யாரும் எழுதிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன். குழந்தை வந்த அடுத்த வாரமே பூஞ்சை மாறியதை ‘துரதிருஷ்டவசமான தற்செயல்’ என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதையும் அடித்துவிடலாம்.

ஒரு சிக்கல் வந்தது. அவளுக்குக் கீரை பிடிக்காது. தட்டில் வைத்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தாத்தா அந்தப் பக்கம் திரும்பியதும் சன்னல் வழியாக எறிந்துவிடுவாள். கெட்டிக்காரி. ஆனால் பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். பெரியவர்கள் நட்டதை ஒதுக்குவார்கள், தாங்கள் நட்டதை விட மாட்டார்கள். அதனால் சமையலறைச் சன்னலுக்குக் கீழே, செம்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, ஒரு பாய் அளவுக்கு அவளுக்கென்று தனிப் பாத்தி கட்டிக் கொடுத்தேன். விதையை அவள் கையாலேயே தூவச் சொன்னேன். குட்டியாக ஒரு தண்ணீர்ப் பூவாளியும் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவளுக்குச் ‘சட்டித் தாத்தா’ ஆகிவிட்டேன்.

ஒரு நாள் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, “சட்டித் தாத்தா, இந்த மண்ணுக்குள்ள பூஞ்சை இருக்கா?” என்றாள்.

“இருக்கு.”

“அது என்ன பண்ணும்?”

“கீழ கெடக்கறத எடுத்து மேல கொண்டுவந்து குடுக்கும்.”

“நல்ல பூஞ்சையா?”

“வேலைய ஒழுங்கா செய்யும்மா.”

அவள் அதில் திருப்தியாகிவிட்டாள். முதல் கீரையைப் பறித்து, கழுவக்கூட விடாமல், நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொண்டாள். தாத்தாவுக்கு ஒரே பூரிப்பு. “இவ கீரை சாப்பிடறான்னு போன்ல சொன்னா இவ அம்மா நம்பவே மாட்டேங்கறா. நீங்க என்ன மாயம் பண்ணினீங்க?” என்று கேட்டார். நான் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த மண்ணில் நான் ஒரு துளி விஷமும் சேர்க்கவில்லை. இருந்ததெல்லாம் அவர் கொட்டியது. எடுத்துக் கொடுக்க ஆள் வைத்தது மட்டும்தான் நான்.

மாதம் ஒருமுறை அந்தப் பாத்தியிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கொண்டுவந்து பார்ப்பேன். எழுதுகிற மையோடு கொஞ்சம் வினிகர் கலந்து அதில் வேரை ஊறவைத்தால் பூஞ்சை மட்டும் நீலமாக எடுத்துக்காட்டும். ஏணி வேருக்குள்ளே பலூன் போலக் குமிழ் குமிழாக வைக்கும், பூட்டு வைக்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வராது. பதினாலு மாதத்தில் பதினாலு முறை பார்த்தேன், பதினாலு கண்ணாடித் துண்டுகளும் தேதி எழுதிய பெட்டியில் இருக்கின்றன. தவறு செய்தவன் மாதாமாதம் போய் அந்தத் தவறு நன்றாக வளர்கிறதா என்று பார்த்துவிட்டு வர மாட்டான் ஐயா. பரிசோதனைச் சாலைக்கு அந்த வீட்டு முகவரியில் போன இலைகளெல்லாம் எங்கள் நாற்றங்காலில் மூன்றாம் தட்டில் சுத்தமான மணலில் வளர்ந்த செடிகளின் இலைகள். அதனால்தான் தாள்களில் எல்லாம் சரியாக இருந்தது. தோட்டங்களைச் சரிபார்க்கிற எங்கள் ஆய்வாளர் அம்மா அந்தத் தாள்களை நம்பியது அவர் குற்றமில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், அதையும் சரிசெய்ய வேண்டும்.

அதே பெட்டியில் நோட்டுத் தாள்கள் சிலவும் கிடைக்கும். போகும்போதெல்லாம் அவளை அவள் பெயரையும் பத்து எழுத்துகளையும் எழுதச் சொல்வேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு எழுதுவாள். முதல் நாலு மாதம் கோடு பிசகாமல் எழுதினாள். ஆறாம் மாதம் இரண்டு எழுத்து தலைகீழாக வந்தது. எட்டாம் மாதம் தன் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, எதை விட்டோம் என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். வயிறு வலிக்கிறது என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான். பதினோராம் மாதம் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். நான் தூக்கி வைத்துச் சமாதானம் செய்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை நம்ப வேண்டும் என்று உங்களை வற்புறுத்தவில்லை.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இப்போது முப்பத்தொரு வயது. என் மனைவிதான் இன்றைக்கும் அவளுக்குத் தலை சீவிப் பின்னிவிடுகிறாள், பொத்தான் போட்டுவிடுகிறாள். ஆறு வயதுவரை அவளும் துருதுருவென்று இருந்தவள்தான். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே நடப்பாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அவளை விட்டுப் போயிற்று. வயிற்று வலி, அப்புறம் வலிப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு ஈயம் என்றார்கள். ஈயம் உருக்குகிற ஆலையில் வேலை பார்க்கிறவரா நீங்கள் என்று என்னைக் கேட்டார்கள்.

அந்தத் தாளையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவர் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாத்துக்கலாம்ப்பா, டாக்டர் கிட்ட நானும் பேசறேன்” என்றார். நான் திரும்பும்போது, ஏதோ வானிலை கேட்கிற மாதிரி, “நீ தெனமும் குளிச்சு, சட்டை மாத்திட்டுத்தானே வீட்டுக்குப் போறே?” என்று கேட்டார். பிள்ளை தோளில் துவண்டு கிடக்கிறது, விசிறி மூன்று வருடமாக நிற்கிறது, இந்த மனிதர் என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இது. ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இருபத்தைந்து வருடமாக அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. வேறு எதையாவது கேட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்த நாற்காலியில் அவரும் ஒரு நாள் உட்கார வேண்டும். மடியில் பிள்ளை, எதிரே டாக்டர், மேசைமேல் தாள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. செத்துவிட்டால் யார் உட்காருவது?

பதினைந்தாம் மாதத் தொடக்கத்தில் அது நடந்தது. பள்ளியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள், பிறகு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வாங்கப் போகிற அன்று காலை பத்து மணிக்கு அவர் நாற்றங்காலுக்கே வந்துவிட்டார். “எனக்குப் பதட்டமா இருக்கு. வேற யாரும் இல்ல. நீங்களும் கூட வாங்களேன், அவளுக்கும் உங்களப் பிடிக்கும்” என்றார். போனேன். டாக்டரின் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. அவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரில் பல் விளக்குகிற குரங்கின் படம் ஒட்டியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தாளைப் படித்தார். ஈயம் என்றார், எவ்வளவு என்றார். மருந்து கொடுத்து ஓரளவு வெளியே எடுக்கலாம், ஆனால் போனதெல்லாம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்றார். நான் டாக்டரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் முகத்தைத்தான் பார்த்தேன். அந்த முகத்துக்காகத்தான் இருபத்தைந்து வருடம் காத்திருந்தேன். அவர் யார் மேலாவது பாய்வார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் திட்டத்தைத் திட்டுவார், என் சட்டையைப் பிடிப்பார், பள்ளிக்கூடத்துத் தண்ணீரைச் சொல்வார். எதையாவது தேடிக்கொண்டு அலைவார், ராத்தூக்கம் கெட்டுப்போகும், வருடக்கணக்கில் மனசு ஆறாது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

அவர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பேத்தியின் தலையில் கையை வைத்துக்கொண்டு, “நான்தான் டாக்டர்” என்றார். “அந்தக் கசடக் கொண்டுவந்து கொட்டினது நான்தான். என் கையெழுத்துலதான் லாரி வந்துச்சு. வேற யாரும் காரணம் இல்ல. எம் பிள்ளைய நானே இப்படிப் பண்ணிட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதார். அந்த அழுகை எனக்குப் பிரயோசனப்படவில்லை. பிடித்து வைத்திருந்த எதையோ கீழே இறக்கி வைத்துவிட்டவரின் அழுகை அது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க எவ்வளவோ செஞ்சீங்க, நான் போட்ட குப்பைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் எதுவும் சாப்பிடவில்லை. எல்லாம் நான் நினைத்தபடியே நடந்திருந்தும் கையில் ஒன்றுமில்லாத மாதிரி இருந்தது.

உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் அவர் கொடுத்த வாக்குமூலத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். ‘இதற்கு நான் ஒருவனே பொறுப்பு’ என்று எழுதியிருக்கிறார். கவனக்குறைவு என்ற சொல்லைக்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் பொறுப்பில்லை. கசடு மட்டும் இருந்திருந்தால் பூட்டு அதைப் பிடித்து வைத்திருக்கும், முதல் இரண்டு வருடம் பிடித்தும் வைத்திருந்தது. ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஏணியை வைத்தவன் நான். தெரிந்து வைத்தேன். அந்த வீட்டுக்குக் குழந்தை வந்த பிறகு, அந்தக் குழந்தைக்காகவே வைத்தேன். அவள் சாப்பிடும்படி செய்ததும் நான்தான். அவள் எழுத்து ஒவ்வொன்றாகப் போவதைப் பதினாலு மாதம் உட்கார்ந்து பார்த்தேன், எந்த மாதமும் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. இதன் ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். நான் யார் என்பதையும் சொல்லுங்கள். அவருக்கு ஞாபகம் வராது, உலையடியில் நாலாவது ஆள் என்று சொல்லிப் பாருங்கள்.

இதை அனுப்புவதற்கு முன் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முப்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் நோட்டுத் தாள் விஷயம் வந்தபோது பின்னுவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சட்டை மாத்திட்டுப் போறியான்னு அவர் கேட்டதுக்கு, ஆமான்னா சொன்னீங்க?”

ஆமாம் என்றேன்.

“மாத்தினீங்களா?”

ஆலையில் குளிக்கிற இடம் இருந்தது. அவர்தான் கட்டி வைத்திருந்தார், எட்டுக் குழாய், மாற்றுத் துணி வைக்க அறை. ஆனால் வரிசை நீளம் ஐயா. அரை மணி நேரம் நின்றால் ஐந்தேகால் பேருந்து போய்விடும். அடுத்த பேருந்தில் வந்தால் மகள் வாசலிலேயே நின்று நின்று அழ ஆரம்பித்துவிடுவாள். நான் வருவது தெரிந்ததும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீங்க என்று என் மனைவி தினமும் கத்துவாள். பெண்கள் எதற்கும் கத்துவார்கள் என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆசையாக ஓடி வருகிற பிள்ளையை எந்தத் தகப்பன் தள்ளி நிற்கச் சொல்வான்?

“அவர் டாக்டர் வாயை மூடறதுக்குள்ள ‘நான்தான்’னு சொல்லிட்டார்” என்றாள் என் மனைவி. பிறகு மகளின் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாளாகிறது, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், ஒன்றையும் இன்னொன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாள். நீங்கள் விசாரிக்கிறவர், உங்களுக்குப் புரியும். அவர் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டியது பதினான்கு லாரி. நான் கொண்டுபோனது ஒரு நாளைக்கு ஒரு சட்டை.